பின்சக்கரத்தில் நாற்பத்தொன்பது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. பல்லேகலவில் கைத்தொழில் வலயத்துக்குப் போகும் பாதையோரம் எனக்கு ஒரு கராஜ் இருக்கிறது. நிலத்துக்குள் இரண்டு உருளைகளைப் பதித்து வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் கார்களை ஏற்றி ஓட்டி, குதிரைவலு பார்த்துச் சொல்லும் வேலையைப் பதினான்கு வருடமாகச் செய்கிறேன். இந்தப் பதினான்கு வருடத்தில் தன் காருக்கு வந்த எண்ணைக் கேட்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

எண் குறைவாக வந்தால் என் மெஷின் பழுது. கூடுதலாக வந்தால் அவர் காரின் ராசி. வெயிலைக் குறை சொல்வார்கள், மழையைக் குறை சொல்வார்கள், கண்டி மலையில் காற்று மெல்லிசு என்பார்கள். அந்த மெல்லிசுக் காற்றுக்கும் சேர்த்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது என்று சொன்னால், கம்ப்யூட்டரைக் குறை சொல்வார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கு என் கராஜ் முழுக்கக் கோணல்.

வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காரின் பின்சக்கரங்கள் உருளைகளின் மேல் நிற்கும். முன்பக்கத்தைப் பட்டி போட்டு இறுக்கிக் கட்டிவிடுவேன். பிறகு உள்ளே ஏறி, கியர் போட்டு, அக்சலரேட்டரை அடிவரை மிதிப்பேன். கார் இருந்த இடத்தில் இருக்கும், உருளைகள்தான் சுற்றும். அவை எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கின்றன என்று பார்த்து, சக்கரத்தில் இத்தனை குதிரை என்று கம்ப்யூட்டர் ஒரு கோடு கீறிக் காட்டும்.

சக்கரத்தில் என்பதுதான் இங்கே முக்கியம். கார் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் எண் எஞ்சினிலேயே எடுத்தது. எஞ்சினில் பிறந்த வலு கியர்பெட்டிக்குள் புகுந்து, நீளமான தண்டு வழியாகப் பின்னால் வந்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் தொங்கும் டிஃபரன்ஷலுக்குள் திரும்பி, அதன் பிறகுதான் டயருக்கு வரும். கடந்து வரும் இடமெல்லாம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். பல்லும் பல்லும் உரசுவதில் கொஞ்சம், எண்ணெயைக் கடைவதில் கொஞ்சம், டயர் நசுங்குவதில் கொஞ்சம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். புத்தகத்து எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்துவிட்டது.

வழியில் போகும் பங்கு எவ்வளவு என்று பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. உச்ச வேகம் வரை ஓட்டிய பிறகு, கிளச்சை மிதித்து எஞ்சினைப் பிரித்துவிட்டு, உருளைகளைத் தாமாக ஓய விட வேண்டும். சீக்கிரம் நின்றுவிட்டால் வழியில் தின்பது அதிகம். ஆறுதலாக நின்றால் குறைவு. சக்கரத்தில் வந்த எண்ணோடு இந்த இழப்பைக் கூட்டினால் எஞ்சினின் சொந்த வலு தெரிந்துவிடும். ஓய விட்டுப் பார்ப்பது என்று நாங்கள் அதைச் சொல்வோம்.

முதல் சில வருடங்கள் ஒவ்வொரு காரையும் ஓய விட்டுப் பார்த்தேன். யாரும் அதைப் பார்க்க நிற்க மாட்டார்கள். எஞ்சின் அலறும்போது போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுப்பவர்கள், உருளைகள் ஓயத் தொடங்கியதும் தேத்தண்ணி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்து போல்தான் இழப்பு வந்துகொண்டிருந்தது. எனக்கும் சலித்தது. போகப் போக, பார்க்காமலே பதினைந்து என்று வைத்துக் கணக்கை முடிக்கப் பழகிக்கொண்டேன். இந்தக் கார்களில் ஏறி இறங்குவது கிணற்றுக்குள் இறங்கி ஏறுவதைப் போன்றது. எனக்கு அறுபத்தொரு வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன, இடது காது மந்தம். உள்ளே உட்கார்ந்து புகையைக் குடித்துக்கொண்டு உருளை எப்போது நிற்கும் என்று பார்த்திருக்க எனக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று.

நான் சொல்ல வருகிற முதலாளி கண்டி நகரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் அப்பா காலத்து இங்கிலீஷ் கார் ஒன்று இருந்தது. பச்சை நிறம், இரண்டே இருக்கைகள், மடிக்கிற கூரை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொப்பி போட்டுக்கொண்டு அதில் கடுகண்ணாவை வரை போய், வடையும் தேத்தண்ணியும் முடித்துவிட்டுத் திரும்பி வருவதுதான் அவருடைய சந்தோஷம். நாட்டுக்குள் கார் இறக்குமதி நின்றுபோயிருந்த வருடங்களில் அப்படிப்பட்ட கார்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. அதுவரை சும்மா ஓட்டிக்கொண்டிருந்தவருக்கும் புத்தகத்து எண்ணின் மேல் ஆசை பிறந்தது. எழுபத்திரண்டு குதிரை என்று அதில் போட்டிருந்தது.

ஆனால் அவர் முதலில் என்னிடம் வந்தது வலுவுக்காக இல்லை. ஒரு மழைக்காலத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மெக்கானிக்கை இங்கே எல்லோரும் கூப்பிடுவது போல என்னைப் பாஸ் என்று கூப்பிட்டுச் சொன்னார்: "பாஸ், அம்பிட்டிய ஏத்தத்துல ஏறுனா பின்னால நாய் ஊளையிடுற மாதிரி சத்தம். வீட்டுல கார்ல ஏற மாட்டேங்கிறாங்க. சத்தத்த மட்டும் நிப்பாட்டிக் குடுங்க, போதும்."

டிஃபரன்ஷலில் பல் தேய்ந்தால் அப்படித்தான் ஊளையிடும். முறையான வைத்தியம் என்றால் திறந்து பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். அந்தக் காருக்குப் பல்சக்கரம் தேடினால் என் பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். எங்கள் மலைப்பக்கத்து வைத்தியம் வேறு. தோட்டத்து லொறிகளிலும் பழைய பஸ்களிலும் டிஃபரன்ஷல் சத்தம் போட்டால், உள்ளே இருக்கும் எண்ணெயை இறக்கிவிட்டு, கிடைப்பதிலேயே தடிப்பான எண்ணெயில் கிரீசைக் குழைத்து அடைத்துவிடுவார்கள். வாழைப்பழத் தோலையும் சேர்த்துத் திணிப்பவர்கள் உண்டு. பல்லுக்கு நடுவே மெத்தை விரித்த மாதிரி சத்தம் அடங்கிவிடும். மலை ஏறுகிற வண்டிக்குத் தடிப்பு எண்ணெய்தான் பலம் என்பது இங்கே வேதவாக்கு. நானும் அதைத்தான் செய்தேன். வாழைப்பழத் தோல் போடவில்லை, அந்த அளவுக்கு மானம் மிச்சமிருந்தது. கிரீசை மட்டும் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டு மூடினேன். ஊளை நின்றது. முதலாளி வீட்டுக்காரம்மா மறுபடி காரில் ஏறினார். செய்ததை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

சில மாதம் கழித்து முதலாளிக்கு எஞ்சினைப் புதுப்பிக்க வேண்டும் என்று தோன்றியது. நான்தான் என் மாப்பிள்ளையிடம் அனுப்பி வைத்தேன். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அம்பிட்டியவில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டில் போட்டு அங்கேயே எஞ்சின் வேலை செய்துகொண்டிருந்தார். பேச்சு மிகக் குறைவு. கேட்டால் ஒரு சொல் வரும், கேட்காவிட்டால் அதுவும் வராது. பேரிங்கைத் தொடுவதற்கு முன்னால் சாப்பிடப் போகிறவர் மாதிரி சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். ஒவ்வோர் இடைவெளியையும் மூன்று தடவை அளந்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் பென்சிலால் குறித்து வைப்பார். அவர் சேர்த்துக் கொடுத்த எஞ்சினை நான் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. அந்த எஞ்சினோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை என்னிடம் கொண்டுவந்தார்கள். பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று வரப்போவதாக இருந்தது. அதற்கு முன்னால் கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று முதலாளி நான்கைந்து பேரைக் கூட்டி வந்திருந்தார். எல்லோரும் பழைய கார்க்காரர்கள், எல்லோர் தலையிலும் தொப்பி. மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டை உடுத்தி, சுவரோரமாக நின்றார். சட்டைப்பையில் அந்த பிஸ்கட் அட்டை துருத்திக்கொண்டிருந்தது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்திருப்பார். யாரும் கேட்கவில்லை.

எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு கவலைதான். மாப்பிள்ளை செய்த எஞ்சினுக்கு மச்சான் மெஷினில் எண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டான் என்று பேச்சு வரக்கூடாது. உறவுக்காரர் என்பதற்காக அரைக் குதிரைகூடச் சலுகை கொடுக்க மாட்டேன் என்று காலையிலேயே முறுக்கிக்கொண்டிருந்தேன். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

காரை ஏற்றிக் கட்டினேன். ஏறி உட்கார்ந்து மிதித்தேன். எஞ்சின் அழகாக ஏறியது, எங்கேயும் தட்டவில்லை, தடுமாறவில்லை. பின்னால் ஊளைச் சத்தமும் துளி இல்லை. அதையும் கவனித்தேன். நம்முடைய வேலை சுத்தம் என்று உள்ளுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். இந்தக் கதையில் எனக்கு இதைவிட வெட்கமான இடம் வேறில்லை. என்னத்தைப் போட்டு அந்தச் சத்தத்தை அடைத்தேன் என்று அந்த நொடியில் நினைத்திருந்தால் போதும்.

சக்கரத்தில் நாற்பத்தொன்பது என்று வந்தது. இரண்டாம் தடவை ஓட்டினேன், அதேதான். வழக்கமான பதினைந்தை வைத்து எஞ்சினுக்குக் கணக்குப் போட்டேன்.

"அம்பத்தெட்டு," என்றேன்.

முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்தார், கூட்டாளிகளைப் பார்த்தார். "எழுவத்திரெண்டு வர வேண்டிய எஞ்சின் பாஸ். அஞ்சு மாசம் வச்சிருந்து செஞ்சது. செய்யாமலே ஓட்டியிருந்தா இதவிட நல்லா வந்திருக்கும் போல."

தொப்பிக்காரர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை சுவரை விட்டு மெல்ல என் பக்கத்தில் வந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, என் நல்ல காதுப் பக்கமாக வந்து கேட்டார்.

"மச்சான், ஓய விட்டுப் பாத்தீங்களா? பின்னால எங்கயாச்சும் புடிக்குதோ என்னவோ."

மற்ற நாளாக இருந்தால் பார்த்திருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அப்படியும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முழங்கால் வலித்தது, வெயில் ஏறிவிட்டது, இன்னொரு தடவை அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார மனமில்லை. அதற்கு மேல், ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மாப்பிள்ளை காதில் ஏதோ சொல்லி நான் எண்ணை மாற்றினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்.

"எல்லாக் காருக்கும் பதினைஞ்சுதான் மாப்பிள்ளை. உங்க எஞ்சினுக்கு மட்டும் தனிக் கணக்குப் போட முடியுமா?"

மறுபடி சிரித்தார்கள். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "சரி மச்சான்," என்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் யோசித்திருப்பேனோ என்னவோ. என் மெஷினில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. முதலாளி அந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறோர் இடத்தில் ஜப்பான் வேன் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டார். பழைய எஞ்சினை வைத்து நான் என்ன செய்ய, நீங்களே கொண்டு போங்க என்று மாப்பிள்ளையிடம் சொன்னாராம். மாப்பிள்ளை ஒரு சின்ன லொறி பிடித்து வந்து ஏற்றிக்கொண்டு போனார். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒருவர் தும்மினால் மற்றவர் போனில் கேட்கும். கதை பரவியது. அப்படியும் இரண்டு மூன்று பேர் வேலை கொண்டுபோனார்கள். கண் சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று அவரே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு பல்லேகல வலயத்தில் ஒரு தையல் தொழிற்சாலை கேட்டில், உள்ளே வரும் லொறிகளைப் பார்த்து நம்பர் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார்.

தினமும் காலையில் அவருடைய பஸ் என் கராஜைத் தாண்டித்தான் போகும். ஜன்னலோரம் இருந்தால் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். பொய்யா சொன்னேன், மெஷின் சொன்னதைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். தீபாவளிக்கு வந்தார்கள். தங்கை வழக்கம் போலப் பேசினாள். அவர் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சினைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு மாதம் கழித்து, பச்சைக் கார் திரும்ப வந்தது. புது எஞ்சினுக்கும் எண் வேண்டுமாம். இந்தத் தடவை வார நாள், கூட்டம் இல்லை. முதலாளி காரை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அந்த வேன் எஞ்சினை நான் எத்தனையோ வேன்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தொண்ணூறு குதிரை, ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தொண்ணூறுதான். சக்கரத்தில் எழுபத்தாறு எழுபத்தேழு வர வேண்டும். அறுபத்து நான்கு வந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஜப்பான்காரனும் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். பிறகு சிரிப்பு நின்றது. பன்னிரண்டு குறைகிறது. அன்றைக்கும், நாற்பத்தொன்பது வந்த இடத்தில், புத்தகத்து எழுபத்திரண்டில் பதினைந்து சதவீதம் போக, அறுபத்தொன்று வந்திருக்க வேண்டும். அதுவும் பன்னிரண்டு. எஞ்சின் மாறிவிட்டது, குறை மட்டும் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் குறை எஞ்சினில் இல்லை. இது சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு.

உச்சம் வரை ஓட்டி, கிளச்சை மிதித்து, ஓய விட்டேன். பிரேக் பிடித்த மாதிரி உருளைகள் நின்றன. பிரேக்கைப் பார்த்தேன், சுத்தமாக விட்டிருந்தது. காரின் அடியில் படுத்து டிஃபரன்ஷலில் கை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. அடியிலுள்ள திருகாணியைக் கழற்றினேன். எண்ணெய் கொட்ட வேண்டிய துளையில் முதலில் ஒன்றுமே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கித்துள் வெல்லப் பாணி போலக் கறுப்பாக, தடிப்பாக ஒரு விழுது மெல்ல இறங்கியது. அதற்குள் கிரீஸ் கட்டி கட்டியாக இருந்தது.

என் கையால் அள்ளிப் போட்ட கிரீஸ். மல்லாந்து படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த மழைக்காலமும், வீட்டுல ஏற மாட்டேங்கிறாங்க என்று முதலாளி சொன்னதும், நான் கிரீஸ் டப்பாவைத் திறந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஊரில் உள்ள எஞ்சினையெல்லாம் எடை போட்டுத் தீர்ப்புச் சொல்கிறவன் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எனக்காகவே சொன்னது போலிருந்தது.

எல்லாவற்றையும் கழுவி எடுத்து, புத்தகத்தில் சொன்ன எண்ணெயை ஊற்றி மறுபடி ஓட்டினேன். எழுபத்தாறு வந்தது. ஊளையும் திரும்ப வந்தது. பிறகு உட்கார்ந்து, கழுவுவதற்கு முன்னால் ஓய விட்டு எடுத்த கோட்டில், மாப்பிள்ளையின் எஞ்சின் அன்றைக்கு ஓடிய வேகத்துக்கு எவ்வளவு இழப்பு என்று பார்த்தேன். இருபத்திரண்டு குதிரை. நாற்பத்தொன்பதும் இருபத்திரண்டும் எழுபத்தொன்று. நான் பிறப்பதற்கு முன்னால் வடிவமைத்த ஓர் எஞ்சினை, அம்பிட்டியவில் தகரக் கொட்டிலில் வைத்து, புத்தகத்து எண்ணுக்கு ஒரு குதிரை குறைய அந்த மனிதர் கொண்டுவந்திருக்கிறார். அழுகை வந்தது. துடைத்த துணியில் எல்லாம் கிரீஸ்.

காரை அனுப்பி வைத்த இரண்டாம் நாள், முதலில் முதலாளியிடம் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவருக்குத் தாழ்ப்பாள், இன்னொருவருக்கு ஆணி. நடுவில் நின்று நடந்ததைச் சொன்னேன். எஞ்சினில் குறை இல்லை, குறை நான் போட்ட கிரீஸில், அளக்காமல் சொன்னதும் நான்தான் என்றேன். பாதிக் காதில் கேட்டுக்கொண்டார்.

"விடுங்க பாஸ். இப்பதான் கார் பறக்குதே. பழசக் கிளறி என்ன செய்யப் போறோம்?"

"மாப்பிள்ளைகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா நல்லா இருக்கும் முதலாளி."

"சொல்லுவோம், சொல்லுவோம். அது கெடக்கட்டும், அந்த ஊளைச் சத்தம் திரும்ப வந்திருச்சு. அத ஒருக்கா பாருங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பாதையில் இறங்கி நடந்த பிறகு, அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் எண்ணைக் கேட்டார். கொடுத்தவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்பிட்டியவுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. த்ரீவீல்காரர் ஏற்றத்துக்குக் கீழேயே இறக்கிவிட்டார், மிச்சத்தை நின்று நின்று ஏறினேன். தங்கை விறாந்தையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை கொட்டிலில் இருப்பதாகச் சொன்னாள். உட்காராமல் அங்கேயே போனேன்.

கொட்டிலில் அந்த எஞ்சின் மரக்கட்டைகளின் மேல் இருந்தது. தலை கழற்றி, பிஸ்டன்கள் கழற்றி, எல்லாம் பேப்பர் விரித்து அதன் மேல் வரிசையாக அடுக்கியிருந்தது. துரு இல்லை, தூசி இல்லை. ஏழு மாதமாக மூலையில் கிடக்கிற எஞ்சின் அப்படி இருக்காது. மாப்பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க மச்சான்," என்று பேரிங்கை மெல்லக் கீழே வைத்தார். பக்கத்தில் பிஸ்கட் அட்டைகள் நான்கைந்து, எல்லாவற்றிலும் பென்சில் எழுத்து.

நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. கிரீஸ் போட்டதைச் சொன்னேன். போட்டதை மறந்ததைச் சொன்னேன். வேன் எஞ்சினுக்கும் அதே பன்னிரண்டு குறைந்ததைச் சொன்னேன். அன்றைக்கு ஓய விட்டுப் பார்க்கச் சொல்லி அவர் கேட்டபோது, எல்லோர் முன்னாலும் நான் வாயை அடைத்தது என்னுடைய பவிசுக்காக என்பதையும் சொன்னேன். தங்கை தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள்.

"எழுவத்தொண்ணு மாப்பிள்ளை. உங்க எஞ்சின் எழுவத்தொண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எஞ்சினைப் பார்த்தார்.

"அப்ப இது சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"மூணு தடவ கழட்டிப் பூட்டிட்டேன் மச்சான். இது நாலாவது. ஒண்ணுமே இல்ல. எதாச்சும் ஒரு தப்பு கெடச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். ஒண்ணும் கெடைக்கலன்னதும்தான் பயந்துட்டேன். மிஷினுக்குத் தெரியிற தப்பு என் கண்ணுக்குத் தெரியலன்னா, நான் எப்பிடி இன்னொருத்தர் எஞ்சின்ல கை வைக்கிறது?"

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. விளக்கமாகச் சொன்னார். என்னை மன்னித்துவிடுங்கள் மாப்பிள்ளை என்றேன். அவர் என் கையைப் பிடித்து, அதெல்லாம் எதுக்கு மச்சான் என்றார். அவருடைய கை குளிர்ந்திருந்தது, சவர்க்கார வாசம் வந்தது. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ஒருபக்கம், பாரம் இறங்கிவிட்டது என்றுகூட நினைக்கத் தொடங்கினேன். சொல்லியாயிற்று, அவரும் கையைப் பிடித்துவிட்டார், இனி வீட்டுக்குப் போகலாம்.

தங்கை இன்னும் வாசலில்தான் நின்றாள். தட்டில் தேத்தண்ணி அப்படியே இருந்தது.

"அந்த ஓய விட்டுப் பாக்குறதுக்கு எவ்வளவு நேரம் போகும் அண்ணே?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"ரெண்டு நிமிஷம்."

அவள் தட்டைப் பேப்பரின் மேல் வைத்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நா சரியாத்தான் செஞ்சேன், நா சரியாத்தான் செஞ்சேன்னு இவரு எத்தன வாட்டி சொன்னாரு," என்றாள். "நாந்தான் நம்பல அண்ணே. அண்ணன் மிஷின்ல போட்டுப் பாத்து சொன்னதாச்சே, நீங்க வாய மூடுங்கன்னுட்டேன்."